உங்களை நீக்கியவர்

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். மாடியில் உட்கார்ந்து பெங்களூருக்குப் போக வேண்டிய அரக்குப் புடவை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தேன். போனில் ஒரு அறிவிப்பு வந்தது. என் மூத்த மைத்துனரின், அதாவது கணவருடைய அண்ணாவின், பெயரைப் போட்டு, அவர் என்னை எங்கள் வியாபாரப் பக்கத்தின் நிர்வாகத்திலிருந்து நீக்கிவிட்டார் என்று அது சொன்னது. இரண்டு தடவை படித்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் புடவையை மடித்து முடித்தேன். மடிப்பு கோணலாக வந்திருந்தது. பிரித்து மறுபடியும் மடித்தேன்.

நான் தைத்த மடிசார் விற்கிறவள். ஒன்பது கஜத்தைக் கட்டத் தெரியாதவர்களும், கட்ட நேரமில்லாதவர்களும், கட்டினால் மணையில் உட்காரும்போது அவிழ்ந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்களும் என்னிடம் வருவார்கள். பைஜாமா மாதிரி காலை விட்டு, நாடாவை முடிந்து, தலைப்பைத் தோளில் போட்டுக்கொண்டால் ஆயிற்று. புடவை எடுப்பதும் அளவு குறிப்பதும் ஸ்ரீரங்கத்தில் நான். தைப்பது தென்னூரில் ஒரு அம்மா. அவர் முஸ்லிம். ஐயர் கட்டுக்குத் தலைப்பு எந்தத் தோளில், ஐயங்கார் கட்டுக்கு எந்தத் தோளில் என்று படத்தைப் பார்த்துச் சொல்லும்போது எனக்கே சில நேரம் தடுமாறும், அவருக்குத் தடுமாறாது. "ஐயரா, ஐயங்காரான்னு கேட்டுச் சொல்லிடுங்க மாமி, அப்புறம் பிரிக்கச் சொல்லாதீங்க" என்பார்.

பத்து வருஷமாக என் வியாபாரம் முழுக்க ஒரு சமூக ஊடகப் பக்கத்தில்தான் நடக்கிறது. கடை கிடையாது, போர்டு கிடையாது. பக்கத்தில் படம் போடுவேன். அதோடு சேர்ந்த விளம்பரக் கணக்கிலிருந்து கல்யாண சீசனில் விளம்பரம் விடுவேன். பார்த்தவர்கள் இன்பாக்ஸில் வந்து பேசுவார்கள். இடுப்பளவு, உயரம், தொடைச் சுற்றளவு எல்லாம் அங்கேதான் எழுதுவார்கள். போட்டுப் பார்த்துப் படம் எடுத்து, இடுப்பில் இறுக்குகிறது மாமி, என்ன செய்யலாம் என்று அனுப்புவார்கள். பெற்ற அம்மாவிடம் சொல்லாத இடுப்பளவை என்னிடம் சொன்ன பெண்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் எனக்குப் போவது வியாபாரம் மட்டும் இல்லை, என்னை நம்பி அவர்கள் கொடுத்ததும் சேர்ந்து போகும். அந்த வீட்டில் என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்ளக்கூடியதும் அது ஒன்றுதான்.

என்னுடையது என்று சொல்லிவிட்டேனே தவிர, கணக்கு என் பெயரில் இல்லை. ஆரம்பித்த அன்று விஜயதசமி. நல்ல காரியத்தை மூத்தவர் கையால் ஆரம்பிக்க வேண்டும் என்று என் கணவரின் அண்ணாவை மாடிக்கு அழைத்து வந்தோம். உத்திர வீதியில் ஒரே வீடு எங்களுக்கு, கீழே அவரும் அவர் மனைவி மன்னியும், மேலே நாங்கள். கணக்கு வாத்தியாராக இருந்து தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவர் அவர். அவருடைய ஐடியிலிருந்தே பக்கத்தையும் திறந்தோம், விளம்பரக் கணக்கையும் திறந்தோம். அவரைப் போட்டுவிட்டு மன்னியைப் போடாமல் இருந்தால் நன்றாக இருக்காது, அதனால் மன்னி. மன்னி இருந்து தான் இல்லையென்று தெரிந்தால் சென்னையில் இருக்கும் நாத்தனார் என்ன நினைப்பார், அதனால் நாத்தனார். பிறகு என் கணவர், கடைசியில் நான். கல்யாணப் பத்திரிகையில் சொந்தக்காரர்கள் பெயரை எல்லாம் வரிசையாகப் போடுவார்களே, அப்படித்தான் போட்டோம். ஐந்து பேருக்கும் முழுக் கட்டுப்பாடு. வேலை செய்தது நான் ஒருத்தி.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின வாரம் எனக்கும் மைத்துனருக்கும் ஒரு சின்ன உரசல். மடிசாரோடு ஒரு பெண் ஸ்கூட்டர் ஓட்டுகிற படத்தை விளம்பரத்தில் போட்டிருந்தேன். அவர் மாடிப்படி வரை வந்து நின்றார்.

"அந்தப் படம் வேண்டாமே. மடிசாரோட வண்டி ஓட்டற மாதிரி போட்டா நன்னாவா இருக்கு?"

"தைச்ச மடிசார்ல வண்டியே ஓட்டலாம்னு காட்டறதுக்குத்தானே அண்ணா போட்டேன்" என்றேன்.

அவர் இறங்கிப் போய்விட்டார். படத்தை நான் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எனக்கு வீம்பு கொஞ்சம் ஜாஸ்தி, அதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஆக, வெள்ளிக்கிழமை அந்த அறிவிப்பைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. படத்துக்காகத்தான் என்னை எடுத்துவிட்டார் என்று நினைத்தேன். நாலு பேரைக் கூப்பிட்டுச் சண்டை போட்டிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. ஒரு வார்த்தை சொல்லாமல், கீழே உட்கார்ந்துகொண்டு, ஒரு பொத்தானை அழுத்தி, பத்து வருஷத்தைப் பிடுங்கிக்கொண்டாரே. இறங்கிப் போய்க் கேட்டிருக்கலாம், பதினெட்டுப் படிதான். ஆனால் எங்கள் வீட்டில் மூத்தவரைப் பார்த்து 'ஏன் செய்தீர்கள்' என்று யாரும் கேட்டது கிடையாது. கேட்டால், செய்தது தப்பா இல்லையா என்பது போய், கேட்டதுதான் தப்பு என்று ஆகிவிடும்.

சாயங்காலம் கணவரிடம் காட்டினேன். "அண்ணா அப்படியெல்லாம் பண்ண மாட்டாரே" என்றார். மறுபடி படித்தார். "நான் வேணா கேட்கட்டுமா?" என்றார், வேண்டாம் என்று நான் சொல்லப்போகிறேன் என்று தெரிந்தவர்கள் கேட்கிற குரலில்.

"வேண்டாம்னா. செஞ்சவரே வந்து சொல்லட்டும்" என்றேன்.

சனிக்கிழமை புளியோதரை கலந்தேன். வழக்கமாகக் கீழே நானே கொண்டுபோய்க் கொடுப்பேன், அன்று கணவரிடம் கொடுத்தனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மைத்துனர் பெருமாள் சேவித்துவிட்டு வரும்போது வாசலில் எதிர்ப்பட்டேன். வழக்கமாக ஏதாவது ஒரு வார்த்தை பேசுவார். அன்று என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அது சரிதான், ஆனால் குற்றம் எது என்பதில்தான் நான் தப்பு.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குத் தென்னூரிலிருந்து போன்.

"மாமி, நம்ம பக்கத்துல என்னங்க, ஆம்பளைங்க போடற கூலிங் கிளாஸ் விளம்பரமா வருது?"

என் கணவரின் போனில் திறந்து பார்த்தேன். உச்சியில் நான் முகப்புப் படமாக வைத்திருந்த, அரக்கு மடிசாரில் ஒரு கல்யாணப் பெண். அவளுக்குக் கீழே வரிசையாகக் கறுப்புக் கண்ணாடிகள், எனக்குத் தெரியாத ஏதோ மொழியில் விலை. நாலு நாளாக என்னிடம் இருந்த கோபம் அப்படியே திகிலாக மாறியது. விளம்பரக் கணக்கோடு கோத்திருந்தது என் கணவரின் வங்கி அட்டை. மூன்று நாளாக அவருக்கு வங்கிச் செய்தி வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நான் விடுகிற விளம்பரம் என்று அவர் நினைத்திருக்கிறார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று எவனோ எங்கள் அட்டையில் கண்ணாடி விற்றிருக்கிறான். அட்டையை உடனே முடக்கச் சொன்னோம். சைபர் கிரைமுக்கு ஆன்லைனில் புகார் எழுதினோம்.

அதற்குள் என் கணவர் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டார். இப்படிக் கணக்கு பறிபோனவர்கள் புலம்புகிற இடத்தில், 'என் கணக்கை இவர்தான் ஒரு மணி நேரத்தில் மீட்டுக் கொடுத்தார், தெய்வம் மாதிரி' என்று பத்துப் பேர் ஒரே ஆளைப் பாராட்டி எழுதியிருந்தார்கள். கணவர் அவருக்கு 'சார், வணக்கம்' என்று செய்தியே அனுப்பியிருந்தார். பதிலுக்கு அந்தத் தெய்வம் முதலில் பாஸ்வேர்டைக் கேட்டது.

"வேலில போற ஓணானை எடுத்து மடில கட்டிக்காதீங்கோ" என்று போனை வாங்கி வைத்துக்கொண்டேன்.

எனக்கு நினைவுக்கு வந்தது கே.கே. நகரில் இருக்கும் ஒரு பெண். அவள் கல்யாணத்துக்கு மடிசார் தைத்துக் கொடுத்தது நான்தான். இப்போது வீட்டிலிருந்தே நாலைந்து கடைகளுக்கு இந்த மாதிரி விளம்பர வேலை பார்க்கிறாள். சத்திரம் பஸ் நிலையம் போய் பஸ் மாறி அவள் வீட்டுக்குப் போனேன். அறிவிப்பைக் காட்டினேன், கண்ணாடிகளைக் காட்டினேன். அவள் அறிவிப்பைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மாமி, இது உங்க வீட்டுப் பெரியவர் பண்ணல. அவர் ஐடிக்குள்ள எவனோ பூந்து, அவர் பேர்ல உட்கார்ந்துக்கிட்டுப் பண்ணியிருக்கான். உங்க நாலு பேரையும் எடுத்துட்டு, அவனோட ஆளு ரெண்டு பேரைச் சேர்த்திருக்கான். மத்தவங்க யாரும் அறிவிப்பைப் பார்த்திருக்க மாட்டாங்க."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. திருட்டுக் கொடுத்தவளுக்கு நிம்மதி என்றால் சிரிப்பார்கள், ஆனால் அதுதான் வந்தது. அவர் செய்யவில்லை. அடுத்த நிமிஷமே வெட்கமாக இருந்தது.

"எப்ப பண்ணினான்?" என்று கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை காலம்பற."

"வெள்ளிக்கிழமையா? இன்னைக்குத் திங்கள். ஏன் மாமி உடனே வரல?"

அவள் ஒரு காகிதத்தை எடுத்து எழுதிக் காட்டினாள். புதிதாகச் சேர்க்கப்பட்டவர்கள் பழையவர்களை நீக்க வேண்டுமானால் ஏழு நாள் காத்திருக்க வேண்டுமாம். இப்போதைக்குப் பக்கத்தின் உடைமைக்காரர் என் மைத்துனர்தான். திருடன் அவருடைய ஐடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். வருகிற வெள்ளிக்குள் அந்த ஐடியை மீட்டுவிட்டால் பக்கமும் விளம்பரக் கணக்கும் திரும்பி வரும். வெள்ளி தாண்டினால் அந்த இரண்டு பேர் அவரையே தூக்கிவிடுவார்கள். பிறகு பக்கத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஏழில் மூன்று நாளை நான் வீம்பில் கரைத்திருந்தேன்.

"அவருக்கு ஏதாவது மெயில் வந்திருக்கும். லிங்க் ஏதாவது அழுத்தியிருப்பார். அது என்னன்னு தெரிஞ்சாதான் மேற்கொண்டு போக முடியும். கேட்டுட்டு வாங்க" என்றாள்.

அன்று மாலை கீழே போனேன். மன்னி கூடத்தில் பூத் தொடுத்துக்கொண்டிருந்தார், மைத்துனர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன், யாரோ புகுந்துவிட்டார்கள் என்று மட்டும். "அண்ணா, உங்க மெயிலுக்கு ஏதாவது நோட்டீஸ் மாதிரி வந்துதா?"

"எனக்கு ஒண்ணும் வரலையே" என்றார். உடனே சொன்னார். வழக்கமாக எதைக் கேட்டாலும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொல்வார்.

"எதையாவது அழுத்தினேளா?"

"வரலைங்கறேனே."

அதற்கு மேல் எப்படிக் கேட்பது? மாடிக்கு வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை முழுக்க அந்தச் சமூக ஊடக நிறுவனத்தின் உதவிப் பிரிவோடு போராடினேன். ஒரு மனுஷரைப் பிடிப்பதற்குள் பன்னிரண்டு கேள்வி. பிடித்த பிறகு அவர், கணக்கின் உடைமைக்காரரே பேச வேண்டும், நீங்கள் பட்டியலிலேயே இல்லையே என்றார். பத்து வருஷம் நான் நடத்தினேன் என்று எழுதினேன். அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். என்னிடம் ஒன்றும் இல்லை. எல்லாம் மூத்தவர் பெயரில்தான் இருந்தது. மரியாதை செய்கிறேன் என்று என் வீட்டுச் சாவியை நானே இன்னொருவர் பெயரில் எழுதிக் கொடுத்திருந்தது அப்போதுதான் புரிந்தது.

தென்னூர் அம்மா மறுபடி கூப்பிட்டார். "நான் சும்மா உட்கார்ந்திருக்கறது பரவால்ல மாமி. என் மக படத்தையும் ட்ரயல் போட்டுப் பார்க்கறப்ப எடுத்து அதுலதானே அனுப்பினோம்? அது இப்ப யார் கையில இருக்கும்?" அவர் குரல் உயரவே இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுத் திரும்புகிறேன், மாடிப்படியில் மைத்துனர் நின்றுகொண்டிருக்கிறார். கையில் ஒரு ஃபைல், அரசு ஆபீசில் இருக்குமே, நாடா கட்டினது. உள்ளே வந்து உட்காரவில்லை. நின்றபடியே நாடாவை அவிழ்த்தார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வருகிற மெயிலையெல்லாம் பிரிண்ட் எடுத்து, ஓட்டை போட்டு, தேதி வாரியாகக் கோத்து வைப்பார். கோத்த பிறகு மெயிலை அழித்துவிடுவார். கரண்ட் பில்லோ, பேரன் பிறந்த நாள் வாழ்த்தோ, எல்லாவற்றுக்கும் அதே மரியாதைதான். நாங்கள் பின்னால் கேலி செய்வோம். அந்த ஃபைலில் அவர் திறந்து காட்டிய காகிதம் வெள்ளிக்கிழமைக் காலை வந்தது. உங்கள் பக்கம் விதிகளை மீறிவிட்டது, இருபத்து நாலு மணி நேரத்துக்குள் விளக்கம் தராவிட்டால் நிரந்தரமாக நீக்கப்படும் என்று ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ். கீழே நீல எழுத்தில் ஒரு லிங்க்.

"அந்த ஸ்கூட்டர் படத்தாலதான் யாரோ புகார் பண்ணிட்டான்னு நினைச்சேன். உனக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும். நானே பதில் எழுதி முடிச்சுடலாம்னு பார்த்தேன். பாஸ்வேர்ட் கேட்டது, போட்டேன். போன்ல ஒரு நம்பர் வந்தது, அதைக் கேட்டது. அதையும் போட்டேன்."

முப்பத்தைந்து வருஷம் மேலதிகாரியிடமிருந்து வந்த எந்த மெமோவுக்கும் கெடு தாண்டிப் பதில் எழுதியதில்லை அவர். நோட்டீஸ் என்று எழுதி, கெடு என்று ஒன்று போட்டுவிட்டால் போதும், அந்த மனுஷருக்குக் கை தானாகப் பேனாவைத் தேடும். திருடனுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் அவரை அளவெடுத்துத் தைத்த மாதிரி எழுதியிருந்தான்.

"வரலைன்னு சொன்னேன். பொய்" என்றார். ஃபைலை மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

வியாழக்கிழமை காலை கே.கே. நகர்ப் பெண் எங்கள் வீட்டுக்கே வந்தாள். அவர் எப்போதும் உட்காருகிற கம்ப்யூட்டரிலிருந்து, எப்போதும் இருக்கிற இணைப்பிலிருந்து செய்தால்தான் அந்த நிறுவனம் அவரை அவர் என்று நம்பும் என்றாள். ஃபைலைப் புரட்டினாள். நோட்டீசுக்கு அடுத்த தாளே, கணக்கின் மெயில் முகவரி மாற்றப்பட்டது, மாற்றியது நீங்கள் இல்லையென்றால் இங்கே அழுத்துங்கள் என்ற கடிதம். அதையும் கவனமாகப் பிரிண்ட் எடுத்துக் கோத்திருந்தார். காகிதத்தில் எங்கே அழுத்துவது?

"ஒரிஜினல் மெயில் எங்க சார்?"

"கோத்துட்டா அழிச்சுடுவேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருடைய மெயிலின் குப்பைத் தொட்டியைத் திறந்தாள். அழித்தது உடனே போய்விடாது, கொஞ்ச நாள் அங்கே கிடக்குமாம். கிடந்தது. அழுத்தினாள். அவருடைய முகத்தை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னது, இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு என்று. முதல் தடவை நிராகரித்துவிட்டது. திருமண் இட்டிருப்பதால் இருக்குமோ என்று என் கணவர் கேட்டார். வெளிச்சம் போதாதுதான் காரணம் என்று சொல்லி, அவரை ஜன்னல் ஓரமாக உட்காரவைத்தாள். அவர் ஒரு பள்ளிப் பிள்ளை மாதிரி சொன்னபடியெல்லாம் திரும்பினார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை, சமையலில் மன்னிக்கு உதவுகிற சாக்கில் தளிகை உள்ளுக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஐடி திரும்பி வந்தது. வந்ததும் அவள் மளமளவென்று வேலை பார்த்தாள். தெரியாத அந்த இரண்டு பேரையும் நீக்கி, எங்கள் நாலு பேரையும் பழையபடி சேர்த்தாள். கண்ணாடி விளம்பரங்களை நிறுத்தினாள். எங்கெங்கோ திறந்திருந்த இடங்களிலிருந்தெல்லாம் ஐடியை வெளியேற்றினாள். மெயிலுக்கும் அவர் வைத்திருந்தது அதே பாஸ்வேர்டுதான், அதையும் மாற்றினாள். அந்த நிறுவனத்திலிருந்து வருகிற எச்சரிக்கை எதுவும் இனிமேல் கண்ணில் படாமல் ஒதுங்கிப் போகும்படி திருடன் மெயிலுக்குள் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தான், அதையும் தேடிப் பிடித்து அழித்தாள். இனிமேல் உள்ளே நுழைய பாஸ்வேர்டோடு, போனில் அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை மாறுகிற எண்ணும் வேண்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், ஆனாலும் செய்தோம்.

இன்பாக்ஸ் அப்படியே இருந்தது. சிலருக்கு மட்டும் ஏதோ லிங்க் போயிருந்தது. அன்று மாலையே உட்கார்ந்து எல்லாருக்கும் எழுத ஆரம்பித்தேன்: இன்ன நாளிலிருந்து இன்ன நாள் வரை பக்கம் என் கையில் இல்லை, உங்கள் படங்களை வேறு யாராவது பார்த்திருக்கலாம், மன்னித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் பரவாயில்லை மாமி என்றார்கள். இரண்டு பேர் படத்தை அழிக்கச் சொன்னார்கள், அழித்தேன். ஒருத்தி பதிலே எழுதவில்லை. அவளை நான் இன்னும் மறக்கவில்லை.

கே.கே. நகர்ப் பெண் கிளம்பும் முன் பட்டியலைத் திறந்து காட்டினாள்.

"இதுல யாரு வேலை செய்யறாங்களோ அவங்க மட்டும் இருக்கட்டும் மாமி. உங்க போன் தொலைஞ்சா திறக்கறதுக்கு இன்னொருத்தர். மொத்தம் ரெண்டு. வேற யாருக்கும் வேணாம். இத்தனை வாசல் திறந்து கெடந்தா அடுத்த தடவை வேற வாசல் வழியா வருவான்."

வேலை செய்கிறவர் என்றால் நான். இன்னொருத்தர் என்றால் தென்னூர் அம்மா. அளவு பற்றிக் கேட்பவர்களுக்குப் பாதி நேரம் பதில் சொல்வது அவர்தான், என் போனை வாங்கி. அவரைக் கேட்டேன். "பெரியவங்க இருக்கறப்ப எம்பேரு எதுக்கு மாமி?" என்று மறுத்தார். எல்லாருமே இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இந்தக் கதி என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். பிறகு சரி என்றார்.

என் கணவருக்குத் தன் பெயரை எடுப்பதில் ஆட்சேபம் ஒன்றும் இல்லை. மன்னிக்குத் தான் அதில் இருந்ததே தெரியாது. நாத்தனார் போனில் "எடுத்துக்கோயேன்" என்றார், குரலில் கொஞ்சம் உப்பு குறைந்தது. மைத்துனர்தான் பாக்கி. உடைமையை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, அவரே அவருடைய கடவுச்சொல்லைப் போட்டு வெளியே போக வேண்டும். வேறு யாரும் அதைச் செய்ய முடியாது. "அண்ணாவைப் பார்க்க மட்டும் விட்டு வைக்கலாமே, பேருக்கு" என்றார் என் கணவர். பேருக்கு வைத்ததுதானே இதுவரைக்கும். ஆனால் அந்த யோசனை எனக்கும் இரண்டு தடவை வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கீழே போனேன். அவர் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருந்தார். படியில் இறங்கும்போதே ஒரு பொய் தயார் செய்திருந்தேன்.

"அண்ணா, கம்பெனில ரூல் மாத்திட்டாளாம். ரெண்டு பேருக்கு மேல இருக்கப்படாதாம்."

"அப்படி ஒரு ரூல் இல்லைம்மா. நான் படிச்சுப் பார்த்தேன்" என்றார். பக்கத்தில் புதிதாகக் கோத்த தாள்கள் இருந்தன.

அவரே தொடர்ந்தார்.

"தப்பு பண்ணினதுக்காக என்னை எடுக்காதே. அது யாரும் பண்ணுவா. உன்கிட்ட சொல்லாம அஞ்சு நாள் உட்கார்ந்திருந்தேனே, நீ கேட்டும் பொய் சொன்னேனே, அதுக்கு எடு."

அப்போது நான் சும்மா இருந்திருக்கலாம். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும், தப்பில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

"நானும்தான் கேட்கலை அண்ணா. வெள்ளிக்கிழமையே எனக்கு அறிவிப்பு வந்துடுத்து, நீங்க என்னை எடுத்துட்டதா. நீங்கதான் எடுத்துட்டேள்னு நினைச்சு, கோவத்துல மூணு நாள் பேசாம இருந்துட்டேன்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த அறிவிப்பு பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்ததும்தான் எனக்குத் தெரிந்தது.

"நானா?" என்றார். "உன்னையா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரைப் பக்கம் திரும்பினார். உடைமையை என் பெயருக்கு மாற்றினார். ஒற்றை விரலால் கடவுச்சொல்லை எழுத்து எழுத்தாக அடித்தார். நிச்சயமாக வெளியேற விரும்புகிறீர்களா என்று கேட்டது. அதை முழுக்கப் படித்துவிட்டுத்தான் அழுத்தினார். பட்டியலில் என் பெயரும் தென்னூர் அம்மாவின் பெயரும் மட்டும் நின்றன. பத்து வருஷமாக நான் உள்ளுக்குள் ஆசைப்பட்டது அதுதான். வந்தபோது சந்தோஷமே இல்லை.

எழுந்து போகலாம் என்று நான் நினைத்த நேரத்தில் அவர் கேட்டார்.

"இனிமே நான் அந்தப் பக்கத்தைப் பார்க்க முடியுமோ?"

தினமும் காலையில் என் படங்களையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று மன்னி பிறகுதான் சொன்னார். அப்போது எனக்குத் தெரியாது.

"ஊர்ல யார் வேணும்னாலும் பார்க்கலாம் அண்ணா" என்றேன்.

"அப்ப சரி" என்று தலையாட்டினார்.

அந்தப் பதிலை வேறு மாதிரி சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.